சந்தா கட்டாதவருக்குக் கூடுதல் காசு: நியாயமா?

குதிரைப் போட்டின்னாலே நமக்கு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோற ரேஸ்தான் ஞாபகம் வரும். எண்டூரன்ஸ் ரைடிங் அந்த ரகமே இல்லீங்க. மலை, காடு, ஓடை எல்லாம் தாண்டி 50 மைல், 100 மைல்னு போகணும். கலிபோர்னியாவில் வெண்டெல் ரோபி என்பவர் 1955-ல் ஆரம்பித்து வைத்த டெவிஸ் கப்தான் இதில் பெரிய பேர். 100 மைல், 24 மணி நேர கெடு. 1972-ல் அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கென்றே ஏ.இ.ஆர்.சி. என்ற சங்கமும் வந்தது. நல்லபடியா முடிச்சாலே ஜெயிச்ச மாதிரி என்பதுதான் அவங்க கொள்கை.

இந்த மாதிரிச் சங்கங்களில் தீராத பஞ்சாயத்து ஒண்ணு உண்டு. வருஷச் சந்தா கட்டின உறுப்பினருக்கு ஒரு நுழைவுக் கட்டணம். சந்தா கட்டாமல் ஒரு நாள் மட்டும் வந்து ஓட்டுகிறவருக்கு அதுக்கு மேல இன்னும் கொஞ்சம். "ஒரே பாதை, ஒரே டாக்டர், ஒரே தண்ணித் தொட்டி. எனக்கு மட்டும் ஏன் அதிகம்?" என்பது அவர் கேள்வி. கேட்கிறதுல தப்பே இல்லை.

காசு எங்கே போகுதுன்னு முதல்ல பார்ப்போம். இந்த விளையாட்டில் ஓட்டுகிறவரை விடக் குதிரைக்குத்தான் செலவு. வழியில் அங்கங்கே நிறுத்தி கால்நடை மருத்துவர் பார்ப்பார். நாடித்துடிப்பு குறித்த நேரத்துக்குள் இறங்கணும். பொதுவா நிமிஷத்துக்கு 60 அல்லது 64 என்று கணக்கு வைத்திருப்பார்கள். ஈறை அமுக்கிப் பார்ப்பார், வயிற்றில் சத்தம் கேட்குதான்னு ஸ்டெதாஸ்கோப் வைப்பார், நொண்டுதான்னு ஓடவிட்டுப் பார்ப்பார். சரியில்லைன்னா அத்தோட சரி, கட்டின காசும் திரும்பாது. இந்தச் செலவில் உறுப்பினர் குதிரை, வெளியாள் குதிரைன்னு பேதம் கிடையாது. நாடி பார்க்க சந்தா கார்டா வேணும்? :-)

அப்போ கூடுதல் கட்டணம் அநியாயமா? அதுவும் இல்லை. ஒரு சவாரியை நடத்துற அன்னிக்கு மட்டும் செலவு வர்றதில்லை. விதி எழுதணும், காப்பீடு பார்க்கணும், ஊக்கமருந்து சோதனை வைக்கணும், பாதையை அடைச்சுடாம இருக்க அரசாங்கத்தோட பேசணும். வருஷம் பூரா நடக்கும் இந்த வேலைக்கு உறுப்பினர் சந்தாதான் சோறு போடுது. ஒரு நாள் வருகிறவரும் அந்தப் பாதையில்தானே போறார்? அவர் பங்கா கொஞ்சம் கேட்பது முறைதான்.

நம்ம ரயில் சீசன் டிக்கெட் மாதிரி யோசிங்க. மாசத்துக்கு மொத்தமா கட்டினவருக்கு ஒரு பயணத்துக்குக் குறைவாத்தான் விழும். அன்னன்னிக்கு டிக்கெட் எடுக்கிறவர் அதை அநியாயம்னு சொல்றதில்லை. ஆனா அன்றாட டிக்கெட்காரரை உட்காரக் கூடாதுன்னு சொன்னா சண்டை வரும். வரவும் வேணும்.

இங்கே அந்த மாதிரி ஒரு இடம் இருக்கு. ஏ.இ.ஆர்.சி. போன்ற சங்கங்களில் உறுப்பினர் ஓட்டின மைல்களைக் கணக்கில் ஏற்றி வருஷாவருஷம் சேர்த்துக்கிட்டே போவாங்க. எண்டூரன்ஸ்காரங்களுக்கு அந்த மைல் கணக்குதான் சொத்து. வெளியாளுக்கு அது ஏறாது. காசு அதிகம், கணக்கில் மைலும் இல்லை. அப்ப அவர் எதுக்குத்தான் கூடுதலா கொடுத்தார்? "நாளைக்கு சேர்ந்துக்கலாம், இன்னிக்கு முதல்ல பார்ப்போம்"னு வந்தவருக்கு இது கசக்கும்.

என்னைக் கேட்டா, கூடுதல் கட்டணத்தின் அளவை விட அது எதுக்காகன்னு சொல்றதுதான் முக்கியம். பொதுச் செலவில் ஒரு நாள் பங்குன்னா சரி. "ஏன்டா சேரலை"ன்னு போடும் அபராதம்னா தப்பு. ரெண்டையும் பிரிச்சுக் காட்ட ஒரு சுலபமான வழி இருக்கு. அந்த வருஷத்துக்குள்ளேயே அவர் சேர்ந்தா, கட்டின கூடுதல் காசைச் சந்தாவில் கழிச்சுக்கொடுத்து, ஓட்டின மைலையும் ஏத்திடணும். உதாரணத்துக்கு, சந்தா 80 டாலர், கூடுதல் 15 டாலர்னு வைங்க. நாலு தடவை வந்தவர் 60 கட்டியாச்சு. இன்னும் 20 கொடுத்தா உறுப்பினர். ஓசியில் யாரும் வரலை, யாரையும் விரட்டவும் இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வருகிறவர் 15 கட்டிட்டுப் போகட்டும். அவருக்கு 80 கட்டுறதை விட அது லாபம்தான். அடிக்கடி வந்தும் சேராமலே இருக்கிறவருக்குத்தான் அது கூடிக்கிட்டே போகும். அதுவும் நியாயம்தான். ஏன்னா காசை விடப் பெரிசு ஒண்ணு உறுப்பினர்கள் கொடுக்கிறாங்க: விடியக்காலையில் தண்ணித் தொட்டி நிரப்புறது, ராத்திரி கடைசிக் குதிரை வரும்வரை முழிச்சிருக்கிறது. எல்லாரும் விருந்தாளியாவே வந்தா பந்தி பரிமாற ஆள் ஏது?

ஆனா பரிமாறுகிற எல்லாருமே ஒரு நாள் விருந்தாளியா வந்தவங்கதான். அதை மறந்துட்டு வாசல்லயே முகம் சுளிக்கிற சங்கத்துக்குப் புதுசா ஆளும் வராது, குதிரையும் வராது.