ஜாடிக் கொல்லை

கொக்குபு ரயில் நிலையத்தில் பேருந்து ஏறி, கடலை ஒட்டியே போகும் சாலையில் ஃபுகுயாமா வந்து இறங்கினேன். கண்ணில் எதுவும் படுவதற்கு முன்பே மூக்குக்கு ஊர் தெரிந்துவிட்டது. காற்றில் புளிப்பு ஏறியிருந்தது. மூக்கைச் சுளிக்க வைக்கும் கடும் நெடி இல்லை. வெந்த அரிசியின் வாசமும் பழம் கனிந்த வாசமும் கலந்த இதமான புளிப்பு.

ஹிரோஷிமா மாகாணத்தில் இருக்கும் பெரிய ஃபுகுயாமா நகரம் வேறு. நான் வந்தது ஜப்பானின் தெற்கே, கியூஷு தீவின் ககோஷிமா மாகாணத்தில் உள்ள சின்ன ஊர். 2005இல் இது பக்கத்து ஊர்களோடு சேர்ந்து கிரிஷிமா நகரமானது. முன்னால் ககோஷிமா விரிகுடா, மற்ற மூன்று பக்கமும் மேடு. தண்ணீருக்கு அப்பால் சகுராஜிமா எரிமலை புகைந்துகொண்டிருக்கிறது. இந்த ஊரில்தான் சுமார் 200 ஆண்டுகளாகக் குரோசு செய்கிறார்கள். குரோ என்றால் கருப்பு, சு என்றால் வினிகர்.

மேட்டில் ஏறித் திரும்பியபோது ஜாடிகளைப் பார்த்தேன். கடலை நோக்கி இறங்கும் சரிவு முழுக்கக் கருப்பு ஜாடிகள், ஆயிரக்கணக்கில், வரிசை பிசகாமல். ஒவ்வொன்றும் முழங்காலைத் தாண்டும் உயரம், 54 லிட்டர் கொள்ளளவு. தலையில் ஒரு மூடி. மேலே கூரை இல்லை. வெயில், மழை, எரிமலைச் சாம்பல் எல்லாம் அவற்றின் மேலேதான். இரண்டு வரிசைக்கு நடுவே ஓர் ஆள் நடக்க வரப்பு போல வழி. இந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ட்சுபோபதாகே. ட்சுபோ என்றால் ஜாடி. பதாகே என்பது ஹதாகே, அதாவது நீர் பாயாத புன்செய். நம் வழக்கில் சொன்னால் ஜாடிக் கொல்லை. அழகுக்கு வைத்த பெயர் என்று முதலில் நினைத்தேன். மூன்று நாள் அங்கே இருந்த பிறகு, அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்று புரிந்தது.

நான் போனது ஏப்ரல் கடைசியில். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் ஜாடி நிரப்புவார்கள். கோடையின் சூட்டிலும் குளிர்காலத்தின் குளிரிலும் நொதிப்பு சரியாகத் தொடங்காது. காலை ஏழு மணிக்கே அரிசி அவித்து முடித்திருந்தார்கள். என்னை அழைத்துப் போனவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் இருக்கும் பெரியவர். மொழிபெயர்க்க ககோஷிமாவில் படிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி வந்திருந்தாள்.

ஜாடிக்குள் போவது மூன்றே பொருள்: அரிசி, கோஜி, தண்ணீர். அவித்த அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து எடுப்பதுதான் கோஜி. சாக்கே, மிசோ, சோயா சாஸ் எல்லாவற்றுக்கும் இந்தப் பூஞ்சைதான் அடிப்படை. முதலில் ஜாடியின் அடியில் கோஜி, அதன்மேல் அவித்த அரிசி, பிறகு மேட்டிலிருந்து வரும் ஊற்று நீர். இதுவரை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கடைசியாக ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் பெரியவர் வந்தார்.

அதன் பெயர் ஃபுரி கோஜி, தூவும் கோஜி. சாதாரணக் கோஜியைவிடக் கூடுதல் நாள் வளரவிட்டு, வித்துகள் நிறையப் பிடித்து, நன்றாக உலர்ந்தது. கையில் எடுத்தால் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி பறக்கிறது. ஜாடியின் வாய் ஒரு சாண் அகலம்கூட இல்லை. அதற்குள் கையை விட்டு, தண்ணீரின் மேல் அந்தக் கோஜியைத் தூவுகிறார். கொட்டவில்லை, வீசவில்லை, விரலிடுக்கில் உதிர்க்கிறார். கோலமாவு விழுவது மாதிரி விழுகிறது. மணிக்கட்டு ஒரு வட்டம் சுற்றி முடியும்போது தண்ணீர் மறைந்துவிடுகிறது. மேலே ஒரே சீரான ஒரு படலம் மிதக்கிறது. தலையைச் சாய்த்து ஓரத்தைப் பார்க்கிறார். ஜாடியின் சுவரை ஒட்டி ஒரு நகக்கண் அளவு தண்ணீர் தெரிகிறது. அந்த இடத்தில் இன்னும் நாலு கோஜி மணிகள். மூடி. அடுத்த ஜாடி.

அந்தப் படலம்தான் உள்மூடி. காற்றில் வரும் வேண்டாத கிருமிகள் ஆரம்ப நாட்களில் உள்ளே இறங்காமல் அது தடுக்கிறது. கீழே இருக்கும் கோஜி அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்குகிறது. மிதந்துகொண்டிருந்த படலம் ஒருநாள் அமிழ்ந்துபோகும். அந்த இடத்தில் அசிட்டிக் பாக்டீரியா மெல்லிய ஆடையாகப் படர்ந்து மதுவை வினிகராக்கும். மற்ற இடங்களில் இதெல்லாம் தனித்தனி வேலை. முதலில் மதுவைத் தயாரித்து, பிறகு வேறு கலத்தில் வினிகராக்குவார்கள். இங்கே மூன்றும் ஒரே ஜாடிக்குள், ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றோடொன்று கலந்தும் நடக்கின்றன. ஈஸ்டை யாரும் சேர்ப்பதில்லை. வழக்கமாக வினிகர் விதையும் போடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த ஜாடிகளிலும் இந்த இடத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வந்து வேலையை எடுத்துக்கொள்கின்றன.

"படலம் உடைந்தால்?" என்று கேட்டேன்.

"நாளைக்கே வாசனையில் தெரியும்," என்றார் பெரியவர்.

மறுநாள் காலை அவர் பின்னால் நடந்தேன். மூடியைத் திறக்கிறார், குனிகிறார், முகர்கிறார், மூடுகிறார். சில ஜாடிகளில் காதை வைக்கிறார். ஒரு வாரத்துக்கு முன் நிரப்பிய ஜாடியில் என்னையும் காது வைக்கச் சொன்னார். உள்ளே தூறல் ஓலைக்கூரையில் விழுகிற சத்தம். ஈஸ்ட் விடும் குமிழிகள் படலத்துக்கு அடியில் வந்து உடைகின்றன. பக்கத்து ஜாடி அதே நாள் நிரப்பியது. அதே அரிசி, அதே தண்ணீர். சத்தம் பாதிதான் வந்தது. அந்த ஜாடி மீது அவர் ஒரு கல்லை வைத்தார். அடையாளம். திரும்பி வரும்போது அதை மறுபடி பார்ப்பார்.

ஒவ்வொரு ஜாடிக்கும் தனி நடை. ஓரத்து வரிசைக்கு வெயில் முன்னதாகவே வரும். நடு வரிசை கொஞ்சம் குளிர்ச்சி. சுவரின் கனம் ஜாடிக்கு ஜாடி மாறும். வினிகர் ஆடை சரியாகப் படராத ஜாடி இருந்தால், நன்றாக வளர்ந்த ஜாடியிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் மிதக்கவிடுவார்கள். கலக்க வேண்டிய நேரத்தில் மூங்கில் கழியால் கலக்குவார்கள். எந்த ஜாடிக்கு எப்போது என்பது நாட்காட்டியில் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். நாற்றங்காலில் குனிந்து நடக்கும் விவசாயியின் நடைதான் இது.

இந்த ஊருக்கு இந்தத் தொழில் வந்ததற்கும் இடம்தான் காரணம். ககோஷிமாவின் பெரும்பகுதி எரிமலைச் சாம்பல் படிந்த மேட்டு நிலம். தண்ணீர் நிற்காது, நெல்லுக்கு ஏற்றதல்ல, சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு ஏற்றது. ஆனால் ஃபுகுயாமா துறைமுகம். சாத்சுமா ஆட்சிக் காலத்தில் சுற்றுவட்டாரத்து அரிசி இங்கே வந்து சேர்ந்தது. மேடுகள் குளிர்காற்றைத் தடுத்தன. ஊற்று நீர் இருந்தது. ஜாடிகளும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. 1590களில் கொரியா மீது நடந்த படையெடுப்பின்போது சாத்சுமாவை ஆண்ட ஷிமாசு பிரபுக்கள் கொரியக் குயவர்களைப் பிடித்து வந்து குடியமர்த்தினார்கள். அவர்கள் கைவழியில் வளர்ந்ததுதான் சாத்சுமா மட்பாண்டம். வினிகர் ஊற்றி வைத்த ஜாடி ஒவ்வொன்றிலும் அந்தக் குயவர்களின் துயரமும் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பழைய ஜாடிகளில் சில இன்றும் வேலையில் இருக்கின்றன. பெரியவர் அவற்றைத் தட்டிக் காட்டினார். புது ஜாடியைவிட அடங்கிய ஓசை.

இரண்டாம் உலகப் போரும் அரிசிப் பஞ்சமும் இந்தத் தொழிலைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டன. போருக்குப் பிறகு மலிவான செயற்கை வினிகர் வந்து மீதியையும் தள்ளியது. பழைய முறையை விடாமல் பிடித்திருந்த சகாமோட்டோ நிறுவனம் 1975இல்தான் 'குரோசு' என்று பெயர் வைத்தது. அதுவரை இது வெறும் ஜாடி வினிகர். 2015 டிசம்பரில் ஜப்பான் முதன்முதலாகப் புவிசார் குறியீடு கொடுத்த ஏழு பொருட்களில், கோபே மாட்டிறைச்சி, யுபாரி முலாம்பழம் ஆகியவற்றோடு ககோஷிமாவின் ஜாடிக் குரோசுவும் ஒன்று.

நொதிப்பு முடிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். பிறகு அதே ஜாடியில், அதே வெயிலில் முதிர விடுகிறார்கள். ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு, அதற்கும் மேல். முதல் மூன்றையும் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி வைத்தார் பெரியவர். ஓராண்டு வினிகர் தேன் நிறம். புளிப்பு நேராக நாக்கில் ஏறுகிறது. இரண்டாண்டு, கடுந்தேநீர் நிறம். மூன்றாண்டு வினிகரைக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்தால் சிவப்பு தெரிகிறது, நடுவில் கருப்பு. புளிப்பு குறையவில்லை, ஆனால் அதன் முனை மழுங்கியிருக்கிறது. பின்னாலேயே இறைச்சிச் சாறு போன்ற ஒரு சுவையும், கொஞ்சம் வறுத்த வாசமும் வருகின்றன.

அந்தக் கருப்பு எந்தச் சாயமும் அல்ல. அரிசியிலிருந்து வந்த சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மாதக்கணக்கில் ஒன்றோடொன்று வினைபுரிந்து உண்டாக்கும் நிறம். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வினையால்தான். அடுப்பில் நிமிடங்களில் நடப்பது இங்கே வெயிலில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. இதற்கு அரிசியும் நிறைய வேண்டும். ஜப்பானியத் தர விதிப்படி ஒரு லிட்டர் சாதாரண அரிசி வினிகருக்கு 40 கிராம் அரிசி போதும். அரிசிக் கருப்பு வினிகர் என்று எழுத 180 கிராமாவது வேண்டும். எஃகுத் தொட்டியில் காற்றைச் செலுத்தினால் மதுவை ஓரிரு நாளில் வினிகராக்கிவிடலாம். புட்டியின் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பானில் பலர் இதைத் தண்ணீரிலோ பாலிலோ கலந்து, உடம்புக்கு நல்லது என்று குடிக்கிறார்கள். கடைகளில் மாத்திரையாகவும் வந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. இத்தனை சுவையைக் கட்டிக் காத்த ஒரு பொருளை மருந்து அலமாரியில் வைத்துவிட்டால், அதன் சுவையை யார் பேசுவார்கள்? இது சமையலறையில் இருக்க வேண்டியது. மதியம் அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் சுபுத்தா தின்றேன். பொரித்த பன்றி இறைச்சியைக் குரோசுவும் சர்க்கரையும் சோயா சாஸும் சேர்ந்த கெட்டிக் குழம்பில் புரட்டியது. கொழுப்பின் கனத்தை வினிகர் எடுத்துவிடுகிறது. ஆனால் வெறும் புளிப்பாக நிற்காமல் குழம்புக்கே உடல் கொடுக்கிறது. சமையல்கார அம்மா சொன்ன வழி எளிது: பாதியைக் குழம்போடு கொதிக்கவிட வேண்டும், மீதியை இறக்கிய பிறகு ஊற்ற வேண்டும். முதல் பாதி சுவைக்கு, இரண்டாவது வாசனைக்கு.

தமிழில் வினிகருக்குக் காடி என்று பெயர். புளித்த கஞ்சிக்கும் அதே சொல்தான். சோறும் தண்ணீரும் மண்பானையில் இரவெல்லாம் கிடந்து புளிப்பதைத் தெரிந்தவர்கள் வைத்த சொல். அதை மொழிபெயர்ப்பாளப் பெண் பெரியவரிடம் சொன்னபோது அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். காடி, காடி. பிறகு, "எத்தனை நாள்?" என்று கேட்டார். ஒரு இரவு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கிளம்பும் மாலை, நான் வந்த அன்று நிரப்பிய வரிசைக்கு மறுபடி போனோம். முதல் நாள் நாலு கோஜி மணிகள் கூடுதலாக விழுந்த அந்த ஜாடியைத் திறந்தார். படலம் முழுதாக இருந்தது. ஓரத்தில் தண்ணீர் தெரியவில்லை. நடுவில் ஒரு சின்ன மேடு எழும்பியிருந்தது. அடியில் குமிழி தொடங்கிவிட்டது. இந்த ஜாடி மூன்றாண்டு கிடக்க வேண்டியது, அதற்குள் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார். யார் திறப்பார்கள் என்று கேட்டேன். கீழ்வரிசையில் குனிந்து முகர்ந்துகொண்டிருந்த இளைஞனைக் காட்டினார். அவன் ஒரு மூடியின் மேல் கல்லை வைத்துவிட்டு அடுத்த ஜாடிக்கு நகர்ந்தான்.