87-ஆம் எண் சாலை

மே 24, 2024

கால்வெஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை, முடிந்தமட்டும் கடலை ஒட்டியே, காரில். ஜூலை இரண்டாம் வாரம் என்று பேச்சு. நேற்று அமெரிக்கக் கடல்–வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இந்த ஆண்டுக்கான புயல் முன்கணிப்பை வெளியிட்டுவிட்டது: பெயர் சூட்டும் அளவுக்கு வளரும் புயல்கள் 17 முதல் 25 வரை, அவற்றில் சூறாவளியாகக்கூடியவை 8 முதல் 13 வரை. மே மாதத்தில் அந்த அமைப்பு இதுவரை சொன்ன எண்ணிக்கைகளில் இதுவே அதிகம். அதற்கு ஒரு வாரம் முன்புதான், 16-ஆம் தேதி, பெயர்கூட இல்லாத ஓர் இடிமழைக் காற்று ஹூஸ்டன் நடுநகரக் கண்ணாடிக் கோபுரங்களின் ஜன்னல்களைப் பெயர்த்துத் தெருவில் கொட்டியது. எனவே திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக எல்லாரும் தங்குமிடத்திலிருந்து தொடங்குகிறார்கள்: எந்த ஊரில் எத்தனை இரவு, எங்கே இறால், எங்கே பறவை. இந்தக் கரைக்கு, இந்தப் பருவத்துக்கு, அந்த வரிசை பொருந்தாது என்பது என் கட்சி. ஒவ்வோர் ஊரிலிருந்தும் வடக்கே வெளியேறும் சாலை எது, அது எவ்வளவு தாழ்வு, எந்த நேரத்தில் மூடுவார்கள் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். ஊர்களும் இரவுகளும் அதற்குள் அடங்கிக்கொள்ளட்டும்.

மே 27

இந்தக் கட்சிக்கு முதல் சாட்சி டெக்சாஸ் மாநில நெடுஞ்சாலை 87. கால்வெஸ்டனில் படகேறி இறங்கினால் பொலிவார் தீபகற்பத்தின் நீளத்துக்கும் அதுதான் சாலை. கிறிஸ்டல் பீச், கில்கிறிஸ்ட், ஹை ஐலண்ட். அதற்கப்பால் கரையோரமாகவே சபைன் பாஸ் வரை போயிருக்க வேண்டும். போவதில்லை. 1989-இல் வந்த ஒரு சூறாவளிக்குப் பிறகு அந்தத் துண்டு மூடப்பட்டது, இன்றுவரை திறக்கவில்லை. கடல் தின்ற தார்ச்சாலையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கட்டுப்படியாகாது என்று மாநிலம் கையைக் கழுவிவிட்டது. பழைய வரைபடங்களில் கோடு நேராக ஓடுகிறது, புதியவற்றில் பாதியில் நிற்கிறது. அதனால் ஹை ஐலண்டிலிருந்து 124-ஐப் பிடித்து வின்னி வரை உள்ளே ஏறி, 73 வழியாக போர்ட் ஆர்தர் போய்த்தான் மீண்டும் கடலைத் தொட முடியும். மலைநாட்டுப் பயணத்தில் சாலையை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்கலாம், மலை நகராது. இங்கே சாலையின் வயதையும் உயரத்தையும் விசாரித்துக்கொண்டுதான் ஊர்.

மே 28

கால்வெஸ்டன்–பொலிவார் படகு: கட்டணம் இல்லை, ஏறக்குறைய பதினெட்டு நிமிடம். காற்று மிஞ்சினால் நிற்கும்.

ஜூன் 2

எச்சரிக்கை முறைகள் இவ்வளவு வளர்ந்த காலத்தில், செயற்கைக்கோள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெளியேறும் வழியை முதலில் எழுதுவது வீண் பயம் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான ஆட்சேபம்தான். வெப்பமண்டலப் புயல் வேகத்தில் காற்று வீசத் தொடங்குவதற்கு 36 மணி நேரம் முன்பே உறுதி எச்சரிக்கை வருகிறது, அதற்கும் முன்னால், 48 மணியில், விழிப்பு அறிவிப்பு. ஆனால் இந்தக் கெடு காற்றுக்கானது. கடல் அதற்குக் காத்திருப்பதில்லை. 2008 செப்டம்பர் 13 அதிகாலையில் ஐக் புயல் கால்வெஸ்டனில் கரையேறியது. முந்தைய நாள் காலையிலேயே, வானம் இன்னும் முழுதாகக் கறுக்காதபோதே, பொலிவாரில் கடல்நீர் 87-ஆம் சாலைக்கு ஏறிவிட்டது. படகும் இல்லை. இரு பக்கமும் அடைபட்டுத் தீபகற்பம் தீவானது. மதியம் கிளம்பிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டிவந்தது. காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் ஐக் வெறும் இரண்டாம் வகை. இரண்டுதானே என்று அசட்டையாக இருந்தவர்களும் உண்டு. ஆனால் அதன் பரப்பு பெரிது, தள்ளிவந்த தண்ணீர் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறியது. கில்கிறிஸ்டின் வான்படம் உலகம் முழுக்கச் சுற்றியது: வீடுகள் இருந்த இடத்தில் மணலும் சேறும், நடுவில் உயர்ந்த தூண்களின் மேல் ஒரே ஒரு மஞ்சள் வீடு. அந்த வீட்டைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, முந்தைய நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் சாலைக்கு வந்தது என்பது. செயற்கைக்கோள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தாழ்ந்த சாலை உயரப்போவதில்லை. பொலிவாரில் தங்குகிற இரவுக்கு எதிரே ‘36 மணி’ என்று எழுதக் கூடாது, ‘72’ என்று எழுத வேண்டும்.

ஜூன் 9

லூசியானாவின் 82-ஆம் சாலை. வரைபடத்தில் பார்த்தால் சதுப்புக்கு நடுவே காரணமில்லாமல் வளைந்து வளைந்து போவது போலிருக்கும். காரணம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடற்கரையாக இருந்து, பின்னால் முன்புறம் சேறு படிந்ததால் உள்ளே ஒதுங்கிவிட்ட மணல்–கிளிஞ்சல் மேடுகள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. சுற்றிலும் உள்ள சதுப்பைவிட ஒன்றிரண்டு மீட்டர்தான் உயரம். அந்த ஒன்றிரண்டு மீட்டரில்தான் கருவாலி மரங்கள், வீடுகள், கல்லறைத் தோட்டம், மாட்டுத் தொழுவம், சாலை எல்லாம். இவ்வளவு மெல்லிய மேட்டில் ஒரு மாவட்டமே குடியிருப்பது, படித்துத் தெரிந்துகொண்டாலும் நேரில் பார்க்க ஆசைப்பட வைக்கிற விஷயம். பயணத்துக்கு இந்த வழியைத் தேர்ந்ததற்கே அதுதான் காரணம்.

ஜூன், ஜூலை பாதுகாப்பான மாதங்கள், புயலின் உச்சம் செப்டம்பர் நடுவில்தானே என்பது அடுத்த ஆட்சேபம். சராசரிக் கணக்குப்படி அது சரி. ஜூலையைத் தேர்ந்ததிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் இதே 82-ஆம் சாலையில் உள்ள கேமரன் என்ற சிற்றூரின் பெரிய துக்கம் ஜூன் மாதத்தில் வந்தது. 1957 ஜூன் 27, ஆட்ரி புயல். இரவு வானொலியைக் கேட்டுவிட்டு, விடிந்ததும் புறப்படலாம் என்று படுத்தவர்கள் ஏராளம். இரவில் புயல் வேகம் கூட்டியது. விடிந்தபோது கடல் ஊருக்குள் இருந்தது. இறந்தவர்கள் 400-க்கும் மேல். கான்கிரீட்டால் கட்டிய நீதிமன்றக் கட்டடம் நின்றது, அதில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். பிறகு 2005-இல் ரீட்டா, 2008-இல் ஐக், 2020 ஆகஸ்ட் 27-இல் லாரா, ஆறே வாரம் கழித்து டெல்டா. நீதிமன்றம் இன்னும் நிற்கிறது, ஆட்கள்தான் இல்லை. கேமரன் மாவட்டத்தில் 2000-இல் கிட்டத்தட்ட 10 ஆயிரம் பேர். 2020 கணக்கெடுப்பில் 6 ஆயிரத்துக்கும் குறைவு, அதுவும் லாராவுக்கு முன்பு எடுத்த கணக்கு. சராசரி என்பது மாதத்தைப் பற்றிச் சொல்லும். நாம் போய்த் தங்கும் அந்த ஒரு இரவைப் பற்றிச் சொல்லாது.

ஜூன் 20

ஆல்பர்ட்டோ மெக்சிகோவில், டாம்பிகோ பக்கம் கரையேறிவிட்டது. பல நூறு கிலோமீட்டர் வடக்கே, டெக்சாஸின் சர்ஃப்சைடு பீச்சில் தெருவெல்லாம் கடல்நீர்.

ஜூன் 23

இவ்வளவு தொல்லை எதற்கு, பேசாமல் ஐ-10 நெடுஞ்சாலையில் போய்விடலாமே என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. ஐ-10 வேகமாக நியூ ஆர்லியன்ஸைக் காட்டும், இடையில் இருப்பதைக் காட்டாது. அட்சஃபலாயா சதுப்பின் மேல் 29 கிலோமீட்டர் பாலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் கடப்பதில் சதுப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது முழுப் பாதுகாப்பும் இல்லை. 2017-இல் ஹார்வி வந்தபோது வின்னி அருகே ஐ-10-இல் அலையடித்தது. கடினமான கேள்வி வேறொன்று: கரைந்துகொண்டிருக்கும் ஊரைக் கரைவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வண்டி கட்டிப் போவது சாவு வீட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போவது போலாகாதா? லூசியானாக் கரை 1932-க்கும் 2016-க்கும் இடையில் 4,800 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலத்தை இழந்திருக்கிறது. கால்வாய் வெட்டியது, மிசிசிப்பிக்கு வெள்ளத்தடுப்புக் கரை கட்டி வண்டலைத் தடுத்தது, மண் தானாக அமுங்குவது, கடல் உயர்வது எல்லாம் சேர்ந்து. ஜீன் சார்ல்ஸ் தீவின் பழங்குடிகளுக்கு 1955-இல் இருந்த நிலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மிச்சம். பெரும்பாலோரை 2022 முதல் வடக்கே புது ஊருக்குக் குடியேற்றிவிட்டார்கள். அங்கே போய்ப் படமெடுப்பதற்கு எனக்கு நியாயம் கிடைக்கவில்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

கிராண்ட் ஐல் அப்படியல்ல. 2021 ஆகஸ்ட் 29-இல் ஐடா கரையேறியது பக்கத்திலேயே, ஃபோர்ஷான் துறைமுகத்தில். தீவில் சேதமாகாத கட்டடம் இல்லை. ஆனாலும் திரும்பிக் கட்டினார்கள், ஏனென்றால் கோடையில் மீன்பிடிக்க வருகிறவர்களின் வாடகையில்தான் அந்தத் தீவு ஓடுகிறது. அங்கே போகாமல் இருப்பது யாருக்கும் மரியாதை செய்ததாகாது. போகலாம், ஆனால் வெளியே வர ஒரே சாலைதான், அதிலும் ஒரு துண்டு வெள்ளத்தடுப்புக் கரைகளுக்கு வெளியே, பெரிய அலை நாட்களிலேயே நனைகிற உயரத்தில். அந்தத் துண்டுக்கு மேலே பாலம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வந்த விருந்தாளி கடைசி நேரத்தில் வெளியேறினால், ஊர்க்காரர்களின் வண்டிகளுக்கு முன்னால் அவன் வண்டி நிற்கும். வெளியேறும் வழியை முதலில் எழுது என்பதற்கு, நம் உயிரைவிட இது நல்ல காரணம்.

ஜூன் 29

அட்லான்டிக்கில் பெரில். ஜூனில் இவ்வளவு கிழக்கே சூறாவளி பார்ப்பது அரிது.

ஜூலை 3

அட்லான்டிக்கில் ஐந்தாம் வகையை எட்டிய புயல்களில், ஆண்டில் இவ்வளவு சீக்கிரம் எட்டியது வேறெதுவும் பதிவில் இல்லை. கரியாக்கூ தீவைத் துடைத்துவிட்டு ஜமைக்காவை உரசுகிறது. முன்கணிப்புக் கூம்பு மெக்சிகோ–டெக்சாஸ் எல்லையைக் காட்டுகிறது. இங்கே எல்லாருக்கும் நிம்மதி. கூம்பு எதைச் சொல்கிறது என்பதைப் பற்றி எப்போதும் ஒரு மயக்கம். புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவை அந்தக் கோட்டுக்குள் இருக்கும், அவ்வளவுதான். மூன்றாவது தடவை வெளியே. புயலின் அகலமும் அதில் இல்லை, தண்ணீரும் இல்லை. கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று திட்டத்தை அப்படியே வைத்திருப்பவர்கள் வானிலையை வைத்துச் சீட்டாடுகிறார்கள்.

ஜூலை 6

கூம்பு நகர்ந்துவிட்டது. வடகிழக்காக. இந்தப் பக்கம்.

ஜூலை 8

காலை நான்கு மணிவாக்கில் மாட்டகோர்டாவில் கரையேறியது, முதல் வகை. மின்சாரம் இல்லை. திட்டத்தில் ‘அவசரமானால் திரும்ப வேண்டிய ஊர்’ என்று எழுதியிருப்பது ஹூஸ்டன்.

ஜூலை 10

22 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் போயின. பத்து லட்சத்துக்கு மேல் இன்னும் வரவில்லை. எங்கே மின்சாரம் இருக்கிறது என்று காட்ட வேண்டிய வரைபடம் மே மாதக் காற்றிலிருந்தே வேலை செய்யவில்லை. ஜனங்கள் ஒரு பர்கர் கடையின் செயலியைத் திறந்து, எந்தக் கிளை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்ற நிறத்தை வைத்துப் பேட்டையைக் கணிக்கிறார்கள். காற்று ஓய்ந்த பிறகுதான் சாவுகள் சேர்கின்றன: மூடிய அறை வெக்கையில் முதியவர்கள், ஜெனரேட்டர் புகையில் மூச்சு முட்டியவர்கள்.

வெளியேறு என்ற வாதத்துக்கு எதிராக எடுக்கக்கூடிய வலுவான சாட்சி இந்த ஊரிலேயே இருக்கிறது. 2005-இல் ரீட்டாவுக்குப் பயந்து 25 லட்சம் பேர் கிளம்பினார்கள். நெடுஞ்சாலை முழுக்க நின்ற வண்டிகள், பெட்ரோல் இல்லை, உச்சி வெயில். வெளியேறும்போது இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். முதியோர் இல்லத்துப் பேருந்து ஒன்று டாலஸ் அருகே தீப்பிடித்ததில் மட்டும் 23 பேர். அதற்குப் பிறகுதான் தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள் என்ற அறிவுரை இங்கே ஊன்றியது. நல்ல அறிவுரை. வெக்கைக்கு என்ன செய்வது என்று அதில் இல்லை. ரீட்டா சொல்வது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது என்பது. பயணியால் அதைக் கடைப்பிடிக்க முடியும். அவனுக்குக் காவல் காக்க வீடில்லை, கட்டிப்போட மாடில்லை, அவன் மூன்று நாள் முன்பே நகரலாம். வீடுள்ளவனுக்கு என்ன சொல்வது? இந்தக் குறிப்பு பயணிக்காகத் தொடங்கியது.

ஜூலை 13

ஐஸ் கிடைக்கவில்லை.

ஜூலை 20

பயணத்தைத் தள்ள வேண்டும், எப்போது என்பதுதான் கேள்வி. அக்டோபர் என்றால் டெல்டா 2020 அக்டோபர் 9-இல் கேமரன் பக்கம் வந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டும். நவம்பர் நடுவில் புயல் அநேகமாக இருக்காது, ஆனால் வெயிலும் கடலும் சேர்ந்த அந்தக் கோடையைத்தானே பார்க்கக் கிளம்பியது. அடுத்த ஜூன் தொடக்கம் என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். 82-க்கு வெளியேறும் ஊராக லேக் சார்ல்ஸைக் குறித்திருந்ததை அடித்து அலெக்ஸாண்ட்ரியா என்று மாற்றியாயிற்று; லாரா லேக் சார்ல்ஸைச் செய்த கோலத்தைப் பார்த்தால் வேறு வழியில்லை. வடக்கே இன்னும் 160 கிலோமீட்டர், ஒரு டாங்க் பெட்ரோலில் தாராளமாகப் போகலாம். மின்சாரம் இருக்கும் ஊரா என்ற கேள்விக்குப் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், அதில் எதை எழுதுவது என்று பிடிபடவில்லை. கிராண்ட் ஐலில் வாடகை வீடு தருபவர், ரத்து செய்வதென்றால் 72 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், இல்லையேல் முழுப்பணம் என்கிறார். அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும், கோடையின் நாலு மாத வாடகைதான் அவருக்கு ஆண்டு வருமானம். அரசாங்கத்தின் விழிப்பு அறிவிப்போ 48 மணியில்தான் வரும். நடுவில் உள்ள அந்த ஒரு நாளை யார் தலையில் கட்டுவது என்று இன்னும் பேசி முடியவில்லை.