பாலைவனத்துல பேட்டரி டவுன்!

சாவியைத் திருப்பினால் 'டக்'. இன்னொரு தடவை திருப்பினால் 'டக்... டக்'. மூணாவது தடவை அதுவும் இல்லை. டேஷ்போர்டு விளக்கு லேசாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தே போச்சு. காலை மணி ஏழு. சுத்திலும் சிவப்பு மண். பக்கத்து ஊர் ஊட்னடட்டா, கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். செல்போனில் சிக்னல் சுத்தமாக இல்லை.

இடம், தெற்கு ஆஸ்திரேலியா. அடிலெய்டில் படிக்கப் போன நாங்க மூணு பேர் (ஒரு மதுரைக்காரன், ஒரு சேலத்துக்காரன், அப்புறம் நான்) பார்ட் டைம் வேலை பார்த்த காசைப் போட்டு ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கியிருந்தோம். "வாங்கின வண்டியை வீட்டு வாசல்லயே நிறுத்தி வெச்சா அதுக்கே கோபம் வரும்டா" என்று மதுரைக்காரன் ஏத்திவிட, அக்டோபர் மாசம் கிளம்பியாச்சு.

எங்கே? ஊட்னடட்டா ட்ராக். மரீ என்ற குட்டி ஊரில் ஆரம்பித்து மார்லா வரைக்கும் சுமார் 620 கிலோமீட்டர் மண் ரோடு. அடிலெய்டில் இருந்து மரீக்கே 700 கிலோமீட்டர் ஓட்டணும். அங்கே ஈச்ச மரங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 19-ம் நூற்றாண்டில் ஒட்டகங்களோடு வந்து இந்தப் பாலைவனத்தில் சாமான் சுமந்தவர்களின் ஊர் இது. எல்லோரையும் 'ஆப்கானியர்' என்றே கூப்பிட்டார்கள். ஆனால் அதில் நிறைய பேர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்து ஆட்கள். இந்தப் பக்கம் ஓடிய ரயிலுக்கு 'கான்' என்று பெயர் வந்ததே அவர்களால்தான்.

அந்த ரயில் பாதை 1884-ல் மரீக்கும், 1891-ல் ஊட்னடட்டாவுக்கும், 1929-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் போய்ச் சேர்ந்தது. 1980-ல் மூடிவிட்டார்கள். இப்போ ட்ராக்கில் போனால் இடிந்த ஸ்டேஷன்களும் துருப்பிடித்த பாலங்களும் கூடவே வரும். ஏன் இந்த வழி? தண்ணீர்! பூமிக்கு அடியில் இருந்து பொங்குகிற ஊற்றுகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. அரபானா பழங்குடி மக்கள் காலம் காலமாக நடந்தது அந்த ஊற்றுகளைப் பிடித்துத்தான். 1872-ல் முடிந்த தந்திக் கம்பியும், பின்னாடி வந்த ரயிலும் அதே வழி. 'தி பப்ளர்' என்கிற ஊற்றில் சேறும் தண்ணீரும் சேர்ந்து கொதிக்கிற பால் மாதிரி குமிழ் விடுவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கைவசம் கேமரா, லேப்டாப், அப்புறம் வண்டிக்குள் ஒரு 12 வோல்ட் ஃப்ரிட்ஜ். அதுதான் வில்லன்.

வில்லியம் க்ரீக் தாண்டி அல்ஜபக்கினா என்ற இடத்தில் அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பழைய இரும்பு ரயில் பாலம் ஒன்று நிற்கிறது. கீழே வற்றாத நீர்நிலை. இடம் பிடித்துப்போய் ரெண்டு ராத்திரி டென்ட் போட்டோம். அந்த நேரம் முழுக்க இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மூணாம் நாள் காலையில்தான் அந்த 'டக்'.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்பீர்கள். எங்களுடையது ஆட்டோமேட்டிக் கியர் பாஸ். ஊரே சேர்ந்து தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் போட்ட சண்டை இருக்கே! "அறுபது கிலோமீட்டர்தானே, நான் நடந்து போய் ஆள் கூட்டிட்டு வரேன்" என்று சேலத்துக்காரன் ஷூவை மாட்டிவிட்டான். இந்த ஊரில் முதல் பாடமே, வண்டி நின்றால் வண்டியை விட்டு நகராதே என்பதுதான். தேடி வருபவர்கள் கண்ணில் வண்டி படும். தனியாக நடக்கும் ஆள் பட மாட்டான். வெயில் 38 டிகிரி. கேனில் மிச்சம் இருந்தது ஒம்பது லிட்டர் தண்ணீர். "நீ போனா உன்னைத் தேட நாங்க வரணும்டா" என்று மதுரைக்காரன் அவன் ஷூவில் ஒன்றைப் பிடுங்கி டென்ட்டுக்குள் வீசினான். நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் நீர்நிலை இருந்ததால் காய்ச்சிக் குடித்தாவது பிழைத்திருப்போம். இதே கதை முந்தின நாள் நாங்கள் கடந்து வந்த பொட்டல் வெளியில் நடந்திருந்தால்? அதை அன்றைக்கு யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

மத்தியானம் மூணு மணிக்குத் தூரத்தில் புழுதி. மாட்டுப் பண்ணைக்குப் போகிற ஒரு பெரியவர். ஜம்பர் கேபிளை மாட்டினார், ரெண்டே நிமிஷத்தில் இன்ஜின் உறுமியது. எங்கள் பானெட்டுக்குள் குனிந்து பார்த்து, "ஒரே பேட்டரியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், கையாட்டிவிட்டுப் போயே விட்டார்.

என்ன தப்பு பண்ணினோம்? ஈஸியான கணக்கு. ஃப்ரிட்ஜ் அந்த வெயிலில் சராசரியாக 2 ஆம்பியர் இழுக்கும். 36 மணி நேரத்துக்கு 72 ஆம்பியர் அவர். எங்கள் பேட்டரியோ மொத்தமே 70!

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கா? அதன் ட்யூபுலர் பேட்டரியும் கார் பேட்டரியும் ஒரே ஜாதி இல்லை. கார் பேட்டரிக்குள் மெல்லிசான தகடுகள். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியரைச் சில விநாடிகள் கொட்டும், அதோடு சரி. மெதுவாக மணிக்கணக்கில் கறந்தால் சீக்கிரமே செத்துப்போகும். 'டீப் சைக்கிள்' பேட்டரி, பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் மாதிரி. வேகம் கிடையாது, ஆனால் விடாமல் நடக்கும். அதைக்கூட பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால்தான் ஆயுசு.

அடிலெய்டில் எங்களுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன தம்பியள், ஒரு பற்றரியோடயா அங்க போனனீங்கள்?" ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் சொல்லச் சொல்ல நாங்களே வேலை பார்த்தோம்.

முதலில் இடம். பானெட்டுக்குள் இடம் இருந்தாலும் இன்ஜின் சூடு ஏ.ஜி.எம். பேட்டரிக்கு ஆகாது என்று பின்பக்கம் வைக்கச் சொன்னார். 100 ஆம்பியர் அவர் பேட்டரி ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். நெளி நெளியான மண் ரோட்டில் அது ஆடினால் குண்டு மாதிரிதான். அதனால் இரும்பு ட்ரேயில் வைத்து போல்ட் போட்டு இறுக்கினோம். அடுத்து வயர். நான் வாங்கி வந்ததைப் பார்த்து, "இது காணாது தம்பி, தடிச்ச வயர் வேணும்" என்று திருப்பி அனுப்பினார். நீளம் கூடக்கூட வோல்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும், பின்னாடி இருக்கும் பேட்டரி முழுசாக சார்ஜே ஆகாது. அந்த வயருக்கு ஒரு ஃப்யூஸ் போதாது, ரெண்டு! ரெண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறதே. நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் ரெண்டு பக்கமிருந்தும் கரன்ட் பாய்ந்து தீப்பிடிக்கும்.

நடுவில் உட்காருகிற காவல்காரன்தான் ஐசொலேட்டர் ரிலே. இன்ஜின் ஓடி வோல்டேஜ் 13.3-ஐ ஒட்டி ஏறினால் ரெண்டு பேட்டரியையும் சேர்த்துவிடும், ரெண்டும் சார்ஜ் ஆகும். இன்ஜினை அணைத்து 12.8 பக்கம் இறங்கினால் பிரித்துவிடும். ஃப்ரிட்ஜ், லைட், சார்ஜர் எல்லாம் ரெண்டாவது பேட்டரியில். முதல் பேட்டரியை எதுவும் தொடாது.

ஒரு எச்சரிக்கை. இது பழைய வண்டிகளுக்குத்தான் சரி. இப்போது வரும் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே கூட்டும், குறைக்கும். அதற்கும், லித்தியம் பேட்டரிக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் என்று தனிப் பெட்டி வேண்டும். அப்புறம், கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இதை மறந்து ஸ்பேனரை பாடியில் உரசி மதுரைக்காரன் பொறி பறக்கவிட்டதும், அண்ணன் திட்டியதும் தனி எபிசோடு.

மறு வருஷம் ஜூலையில் அதே அல்ஜபக்கினா, அதே ரெண்டு ராத்திரி. இந்தத் தடவை நல்ல குளிர். மூணாம் நாள் காலையில் மூணு பேரும் மீட்டரைச் சுற்றி நின்றோம். ரெண்டாவது பேட்டரி 12.2, பாதி காலி. முதல் பேட்டரி 12.7. சேலத்துக்காரன் சாவியைத் திருப்பினான். அரைச் சுத்திலேயே பிடித்துக்கொண்டது. பாலத்தில் இருந்த பறவைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு வியாதி. அடிலெய்டில் மூணு தெரு தள்ளி இருக்கிற கடைக்குப் பால் வாங்கக் கிளம்பினாலும், மீட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.