வரிசையில் ரெண்டாவது

தஞ்சாவூர் பக்கத்து ஆட்களுக்குக் காத்திருப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று காத்திருப்போம். திறந்த பிறகு, தண்ணீர் கடைமடைக்கு வரும்வரை காத்திருப்போம். குறுவை அறுத்து நெல்லை டிபிசியில் கொட்டினால் அங்கேயும் காத்திருப்புதான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வானமோ ஐப்பசி வானம்.

சித்தப்பா சொல்வார்: "காத்திருக்கறதுல ஒண்ணுமில்லடா தம்பி. நம்ம முறை எப்பன்னு தெரிஞ்சா வீட்டுக்குப் போய் சாப்டுட்டு வந்துரலாம். தெரியலன்னாதான் தார்ப்பாயோட குவியல்கிட்டயே படுக்கணும்."

நான் ஜாவாவில் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். நெல் வாங்கி விற்கிற ஒரு நிறுவனத்துக்கான கணக்கு மென்பொருள், பெயர் வேண்டாம். யார் எத்தனை மூட்டை போட்டார்கள், எவ்வளவு பாக்கி என்று சீசன் முழுவதற்குமான ரிப்போர்ட்டைக் கணக்குப் பிரிவு அக்கா எடுப்பார். அது வந்தால்தான் பணம் போகும். பொத்தானை அழுத்தியதும் திரையில் வட்டம் சுற்றும். நடுவில் நிற்கிற எஞ்சின்எக்ஸ், 60 நொடி பதில் இல்லையென்றால் 504 என்று கைவிரித்துவிடும்.

திரையில் பிழை வந்ததால் உள்ளே வேலை நின்றுவிடாது. டாம்கேட்டில் அந்த த்ரெட் டேட்டாபேஸைத் தோண்டிக்கொண்டேதான் இருக்கும். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? மறுபடி அழுத்துவார். இப்போது ஒரே ரிப்போர்ட் ரெண்டு முறை ஓடும். நாலாவது அழுத்தலில், எடை போடுகிற இடத்தில் பதிவு செய்கிறவரின் திரையும் உறைந்துபோகும்.

"டைம்அவுட்டை அரை மணி நேரமா ஏத்திடலாமே" என்றார்கள். சித்தப்பாவைக் குவியல் பக்கத்திலேயே படுக்க வைக்கிற யோசனை அது.

நாங்கள் செய்தது டோக்கன் முறை. அழுத்தியதும் ஒரு டேபிளில் வேலை பதிவாகும், உடனே ஒரு எண் திரும்பும். எச்டிடிபியில் இதற்கென்றே 202 இருக்கிறது: ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடியவில்லை. பின்னணியில் ஓடும் நிரல் வரிசையிலிருந்து எடுத்துச் செய்யும், ஒரே நேரத்தில் ரெண்டுக்கு மேல் கிடையாது. அதே ரிப்போர்ட்டை மறுபடி கேட்டால் பழைய எண்ணே வரும்.

உள்ளேயும் இதே கதை. போஸ்ட்கிரெஸ் டிரைவரைச் சும்மா விட்டால் எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் அள்ளி வந்து மெமரியை நிரப்பிவிடும். ஆட்டோகமிட்டை அணைத்து ஃபெட்ச் சைஸ் கொடுத்தால் ஆயிரம் ஆயிரமாகத் தரும். எக்செல் எழுத அப்பாச்சி பிஓஐயில் எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப் உண்டு. வழக்கமாகக் கடைசி 100 வரிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதியை டிஸ்கில் இறக்கிவிடும். களத்து நெல் மொத்தத்தையும் ஒரே ஆள் தலையில் ஏற்றுவோமா?

கஷ்டமானது வேறு. பாதியில் சர்வர் நின்று எழுந்தால், அந்த வேலை "ஓடுகிறது" என்ற நிலையிலேயே காலத்துக்கும் கிடக்கும். அது பொய் டோக்கன். அதனால் ஓடும் வேலை நிமிடத்துக்கொரு முறை நேரத்தைக் குறித்து வைக்கும். குறிப்பு பழசாகிவிட்டால் வேலை வரிசைக்குத் திரும்பும். மூன்று முறை தோற்றால், தோற்றது என்றே திரை சொல்லும்.

ரிப்போர்ட் இதனால் வேகமாகிவிடவில்லை. முன்பு எடுத்த அதே இருபது நிமிடம்தான். ஆனால் "வரிசையில் 2" என்று பார்த்துவிட்டு அக்கா டீ குடிக்கப் போகிறார். பாக்கி கேட்டு போன் செய்கிறவரிடம், "மதியத்துக்குள்ள தெரிஞ்சுரும்ண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க" என்கிறார். முன்பு அவரால் அதைச் சொல்ல முடிந்ததில்லை.