ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு



வெளிநாட்டில் படிப்பவன் என்றால் நம் ஏனாத்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் ஒரு எண்ணம் உண்டு. கூலிங் கிளாஸ், கேமரா, பெரிய பெரிய கட்டிடங்களுக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ! "சிங்கப்பூர்ல இருக்கறவனுக்கு இன்னாப்பா கவலை?" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதி விடுவார்கள். மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது, படிப்பைப் பற்றி எழுதுவதை விட, அங்கே என் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்று எழுதினால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக என் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது!

முதலில் என் கதைச் சுருக்கம். இங்கே டிப்ளமா, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ., அதன் பின் வங்கிக் கடனில் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலை. 2023 ஆகஸ்டில் போய் 2024 டிசம்பரில் திரும்பினேன். அப்பா பட்டு நெசவாளி. ஒரு கோர்வைப் புடவை தறியை விட்டு இறங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அப்பா நடுவில் நாடா எறிவார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா எறிவார். இரண்டு பேர் உழைப்பில் ஒரு கூலி. அந்தக் கூலியை நம்பித்தான் என் கடன் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். படிக்கிற காலத்திலேயே வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் முழுநேர மாணவர்கள், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். அங்குள்ள ஒரு தமிழ் உணவகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மணிக்குப் பத்து வெள்ளி. (டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) நம் பணத்தில் 600 ரூபாய்க்கு மேல்! சனி எட்டு மணி நேரம், ஞாயிறு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 16 சரியாகப் போய் விடும். கணக்கு அத்தனை சுத்தம்.

அந்தக் கணக்கைக் கலைத்தது ஒரு படகு.

பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு

சிங்கப்பூருக்கு வடகிழக்கே புலாவ் உபின் என்று ஒரு தீவு இருக்கிறது. சுமார் பத்து சதுர கிலோமீட்டர். சாங்கி படகுத்துறையிலிருந்து கட்டைப் படகு. அதற்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். அவ்வளவுதான்! எங்கள் காஞ்சிபுரம் ஷேர் ஆட்டோ மாதிரியே இருந்தது எனக்கு. வகுப்பு நண்பர்கள் மூன்று பேருடன் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு முதல் மாதத்திலேயே போனேன்.

உபினில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இல்லை. தகரக் கூரை வீடுகள், தென்னை, வாடகை சைக்கிள், வழியில் குறுக்கே ஓடும் காட்டுப்பன்றி. ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய தீவு அது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே உள்ள கடற்பாலத்துக்குக்கூட இங்கிருந்து கல் போயிருக்கிறது. கல்குவாரிகள் இப்போது குளங்களாகி, இருவாசிப் பறவைகள் பறக்கின்றன.

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற சேற்று வெளி. அலை இறங்கும் நேரத்தில் போனால் நட்சத்திர மீன், நண்டு, கடற்புல் எல்லாம் தரையில் தெரியும். அந்த இடத்தை மண் போட்டு மூடி நிலமாக்க அரசு திட்டமிட்டிருந்தது. 2001-ல் இயற்கை ஆர்வலர்களும் தொண்டர்களும் அலை இறங்கும் நேரம் பார்த்துப் போய், அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அளந்து எழுதினார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். 2001 டிசம்பரில் திட்டம் தள்ளி வைக்கப்பட்டது. 2007-ல் மக்கள் நடந்து பார்க்கப் பாதையும் திறந்தார்கள். கூச்சல் போட்டதால் மட்டுமல்ல, எண்ணி எழுதிக் கையில் வைத்திருந்ததாலும் அந்த இடம் பிழைத்தது என்றால் மிகையாகாது.

இதைக் கேட்டபோது எனக்கு நம் வேடந்தாங்கல்தான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உரிமை எழுதி வாங்கியிருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022-ல் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆக, நமக்கு இது புதுசு இல்லை. நம் தாத்தாக்கள் செய்ததுதான்!

குப்பைக்கும் ஒரு கணக்கு

அந்தச் செப்டம்பரில் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் 'அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு' என்று பார்த்துப் பெயர் கொடுத்தேன். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய இயக்கம் இது. சிங்கப்பூரில் 1992 முதல் நடக்கிறது. அங்கே நீண்டகாலம் இதை ஒருங்கிணைத்தவர் சிவசோதி என்ற உயிரியல் ஆசிரியர் என்று அறிந்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சதுப்பு மரங்கள் நிறைந்த லிம் சூ காங் கரைக்குப் போனோம். நான் நினைத்தது, பை கொடுப்பார்கள், பொறுக்குவோம், வடை டீ கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம் என்று. கையில் கொடுத்ததோ ஒரு அட்டை! பாட்டில் எத்தனை, மூடி எத்தனை, உறிஞ்சுகுழல் எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை, மீன் வலை எத்தனை என்று வரிசையாகக் கட்டம். நாலு பேர் ஒரு குழு. மூன்று பேர் பொறுக்கிச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒருவர் கோடு போட வேண்டும். கடைசியில் பையை எடை போட வேண்டும். வேரில் சிக்கி ஆழப் புதைந்ததை இழுக்கக் கூடாது, வேர் போய்விடும். மூடிய ஷூ இல்லாமல் இறங்கக் கூடாது.

"ஏன் சார் இதை எண்ணணும்? அள்ளிப் போட்டா போதாதா?" என்று எங்கள் குழுத் தலைவரிடம் கேட்டேன். "இன்னைக்கு அள்ளினா நாளைக்கு அலை திரும்பக் கொண்டு வரும். எது அதிகமா வருதுன்னு தெரிஞ்சாதானே அதை எங்க நிறுத்தறதுன்னு தெரியும்?" என்றார். எளிமையான பதில். ஆனால் அது வரை யாரும் எனக்குச் சொல்லாத பதில்.

எங்கள் குழுவில் இன்னொருவர் உத்திரமேரூர் பக்கத்து அண்ணன். கட்டிட வேலை. வாரத்தில் அவருக்கு லீவு ஒரே நாள். "இன்னாண்ணே, லீவு நாள்ல தூங்காம இங்க வந்திருக்கீங்க?" என்றேன். "ஆறு நாள் சிமெண்ட் மேலயே நிக்கறேன் தம்பி. ஒரு நாளாவது மண்ணை மிதிக்கணும்னு இருக்கு. நம்ம ஏரிக்கரைல நிக்கற மாதிரி இருக்குதுப்பா" என்றார். அவர் முகத்தில் சேறு, கண்ணில் சிரிப்பு. இன்றும் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு வேலைக்கு, இரண்டு ஞாயிறு வெளியே என்று வைத்துக்கொண்டேன். சுங்கை பூலோ என்ற பறவைச் சதுப்பு நிலத்துக்கு அடிக்கடி போவோம். முன்பு அது இறால் குட்டை. 1986-ல் பறவை பார்க்கப் போனவர்கள் கண்டுபிடித்துச் சொல்லி, 1993-ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். 2002-ல் முழுப் பாதுகாப்புப் பகுதி ஆனது. இறால் குட்டைக்கு இருந்த அதே மதகுகளைத் திறந்து மூடித்தான் பறவைகள் இறங்குவதற்குத் தோதாகத் தண்ணீரை வைக்கிறார்கள். மதகு என்ற சொல்லைச் சிங்கப்பூரில் போய்ப் பயன்படுத்துவேன் என்று நினைக்கவே இல்லை! 'முதலை நடமாட்டம் உண்டு' என்று பலகையும் இருக்கும். அதனால் எங்கள் வீரம் எல்லாம் பாதையோடு சரி.

பீஷான் பூங்காவில் இன்னொரு அதிசயம். காலாங் நதியை அங்கே கான்கிரீட் கால்வாயாகக் கட்டியிருந்தார்கள். அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாகவே 2012-ல் திருப்பி விட்டார்கள். இப்போது நீர்நாய்கள் குடும்பத்தோடு விளையாடுகின்றன. கரையில் உட்கார்ந்திருந்தபோது நம் வேகவதி நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது.

அப்பாவின் வழக்கு

இரண்டு ஞாயிறு என்றால் 160 வெள்ளி. சுமார் பத்தாயிரம் ரூபாய். மாதா மாதம் நான் அனுப்பும் பணம் குறைந்ததை அப்பா கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. போனில் கேட்டார்.

"இன்னா கண்ணு, உடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் நல்லா இருக்கேன்பா. மாசத்துல ரெண்டு ஞாயிறு கடற்கரைய சுத்தம் பண்ணப் போறேன்."

"அதுக்குக் காசு தராங்களா?"

"இல்லப்பா. தொண்டுதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஞாயித்துக்கிழமை நீ படுத்துத் தூங்கினாகூட நான் கேக்க மாட்டேன். ஊரான் வூட்டுக் குப்பைய அள்றதுக்கா கடன் வாங்கிக் கப்பல் ஏத்துனேன்?"

நண்பர்களே, இதற்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் முதுகு வளைந்து நெய்த நாட்களில்தான் என் கடன் நிற்கிறது. ஆனால் என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வகுப்பு, ஆய்வுக்கூடம், உணவகம் என்று சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, அந்த நாடு எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். புத்தகத்தில் படிப்பதை இங்கிருந்தே படித்து விடலாமே! இதைப் போனில் சொல்லத் தெரியவில்லை. "கொஞ்ச நாள் பொறுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். பரீட்சை முடிந்த விடுமுறையில் கூடுதல் நேரம் வேலை பார்த்துப் பாதியை ஈடு கட்டினேன். மீதி பாதி, மீதிதான்.

2024 ஜூன் 14 அன்று அங்கே துறைமுகத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையெல்லாம் கறுத்துப் போயின. செக் ஜாவாவுக்கு முன்னால் எண்ணெய் தடுக்கும் மிதவைகளைக் கட்டினார்கள். எண்ணெய் படிந்த இடங்களைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சுத்தம் செய்தார்கள். தொண்டர்கள் மற்றக் கரைகளில் நடந்து, எங்கே கறை தெரிகிறது என்று பார்த்துச் சொன்னோம். 2017 ஜனவரியில் நம் எண்ணூர்க் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நம் இளைஞர்கள் வாளியால் அள்ளியது நினைவிருக்கிறதா? மனசு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நம்மிடம் குறைந்தது முன்கூட்டிய பயிற்சியும் கணக்கும்தான்.

நம் ஏரிக்கரையில்

ஊர் திரும்பிய அடுத்த மாதம், 2025 ஜனவரியில், பழைய வகுப்புத் தோழர்கள் நாலு பேர் சேர்ந்தோம். அதே மாதிரி அட்டை ஒன்றைத் தமிழில் தயாரித்தோம். உறிஞ்சுகுழலுக்குப் பதில் டீ கப், மீன் வலைக்குப் பதில் பாக்குப் பொட்டலம், பூஜை சாமான், பாட்டில் என்று கட்டங்களை மாற்றினோம். ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம்.

நாங்கள் கிளம்பும்போது அப்பாவும் பின்னாலேயே வந்தார். எதுவும் பேசவில்லை. கரையில் நின்று நாங்கள் சத்தம் போட்டு எண்ணுவதையும், ஒருவன் கோடு போடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"எண்ணறீங்களா? நான் சும்மா அள்றீங்கன்னு நெனச்சேன்."

"எண்ணினாத்தான்பா எது அதிகம்னு தெரியும்."

"அது சரி. இழை எண்ணாம பாவு ஓட முடியுமா? கணக்கு கையில இருந்தாத்தான் நாலு பேரைக் கேக்க முடியும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அந்தப் பத்தாயிரம் பத்தாயிரம்தான் கண்ணு" என்றார். எல்லோரும் சிரித்து விட்டோம். அவரும்தான்.

எங்கள் பட்டியலில் முதலிடம் டீ கப்புக்கு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. இருந்தும் ஏரிக்கரையில் அதுதான் முதலிடம்! ஜனவரி 26 கிராம சபையில் அந்தப் பட்டியலைப் படித்தோம். பெரிய புரட்சி எதுவும் நடந்து விடவில்லை. ஆனால் பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்காரர் ஒருவர் கூட்டம் முடிந்ததும் வந்து, "என் கடை கப்பும் அதுல இருக்குமா தம்பி?" என்று கேட்டார். அடுத்த வாரம் அவர் கடையில் கண்ணாடி கிளாஸ் வந்து விட்டது. ஒரு கடை! சிறு துளி பெரு வெள்ளம் என்று வைத்துக்கொள்வோம்.

இன்று ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கடன் தவணை மாதா மாதம் போகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஏரிக்கரைக்கு.

தம்பி தங்கைகளே! உங்களில் சிலர் நாளை சிங்கப்பூருக்கோ ஜெர்மனிக்கோ போவீர்கள். போனால் கட்டிடங்களை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். அந்த ஊர் தன் மண்ணையும் தண்ணீரையும் எப்படி வைத்துக்கொள்கிறது என்று இறங்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், வீட்டு நிலைமையை முதலில் யோசித்து, ஞாயிற்றுக்கிழமைகளைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். போகாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். சைக்கிளை எடுத்தால் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு அட்டை, ஒரு பென்சில், நாலு நண்பர்கள். வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாங்கள் கரையில் இருப்போம். கையுறை நாங்கள் தருகிறோம், ஷூ மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள்!

— முன்னாள் மாணவன், இயந்திரவியல் பிரிவு