கதவைச் சாத்திய அம்மா

எங்கள் தூத்துக்குடிக்குக் கொழும்பு ஒருநாளும் தூரமாக இருந்ததில்லை. பழைய துறைமுகத்துத் தோணிகள் சரக்கேற்றிப் போனது அங்கேதான், 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கடல்வழிக்காகத்தான். அதனால் கொழும்பில் நடக்கும் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) நாவலை எங்கள் வாசகர் கூட்டத்துக்கு எடுத்தபோது, பேச்சு நேராக அங்கே தமிழர்மீது நடந்த கலவரத்துக்குப் போய்விட்டது. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த தாத்தா, 83 ஜூலைக்குப் பிறகு கட்டிய துணியோடு வந்து இறங்கிய சொந்தம் என்று ஆளுக்கொரு கதை. எல்லாம் கேட்க வேண்டிய கதைகள்தாம். ஆனால் நாவலின் கதையைச் சொல்கிற தமிழ்ச் சிறுவன் அர்ஜியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் மறித்தார். “வீட்ட எரிச்சத மட்டுமே பேசுதோம். எரியுததுக்கு முன்னால அந்த வீட்டுக்குள்ள பிள்ளைய என்ன பாடு படுத்துனாங்க, அத யாரு பேச?”

நாவலில், ஞாயிற்றுக்கிழமைகளில் அர்ஜியின் தாத்தா பாட்டி வீட்டில் பேரப்பிள்ளைகள் கூடுவார்கள். பையன்களுக்குக் கிரிக்கெட், பெண்பிள்ளைகளுக்குக் கல்யாண விளையாட்டு. அதில் சேலை கட்டிய மணப்பெண் அர்ஜிதான். ஒருநாள் அந்தக் கோலத்திலேயே பெரியவர்கள் முன்னால் இழுத்து வந்து நிறுத்தப்படுகிறான். ஒரு மாமா கேலி பேசுகிறார். அப்பா குன்றிப்போகிறார். அதுவரை தான் அலங்கரித்துக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவிட்ட அம்மா, அவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு அவளிடம் பதில் இல்லை. நாவலில் என்னை அதிகம் உலுக்கிய இடம் இது, தீயைவிடவும்.

கலவரத்தையும் அர்ஜியையும் இரண்டு கதையாகப் பிரித்தால் நாவல் செத்துவிடும். ராதா அத்தை அனில் என்ற சிங்களவனை விரும்பியபோது குறுக்கே நின்றது இதே குடும்பம். பாட்டியின் தகப்பனார் முந்தைய கலவரத்தில் கொல்லப்பட்டவர். அந்த வெறுப்புக்குக் காரணம் உண்டு. பிறகு, பையனை ஆம்பிளையாக்கத்தான் அப்பா அவனை விக்டோரியா அகாதமி என்ற பள்ளியில் சேர்க்கிறார். ஷெஹானை அவன் காதலிப்பது அங்கே. ஷெஹான் ஆண், சிங்களவனும்கூட. இந்த வீடு அஞ்சிய இரண்டு வரம்புகளையும் அர்ஜி ஒரே காதலில் தாண்டிவிடுகிறான்.

எனக்கு அப்பாவைவிட அம்மாமீதுதான் வருத்தம். டாரில் என்ற பறங்கியரை ஒருகாலத்தில் நேசித்து, கட்டிக்கொள்ள முடியாமல் போனவள் அவள். வலி தெரிந்தவளே கதவைச் சாத்தலாமா என்றேன். டீச்சர் விடவில்லை. “தம்பி, பழி அவ தலையிலதான விழுது? வளர்ப்புச் சரியில்லன்னு புருசனே சொல்லுதாரே!” உண்மைதான். மகன் அப்படி ஆனால் அது உன் குற்றம் என்று அப்பா அவளைத்தான் சாடுகிறார். அந்தப் பயத்தை எங்கள் தெருவிலேயே தாய்மார் முகத்தில் பார்த்திருக்கிறேன். 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், மனமொத்த வயதுவந்த இருவரின் தன்பால் உறவைத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. அடுப்படிக்குள் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

கிளம்பும்போது ஒருவர், இந்தப் புத்தகத்தை வீட்டில் மனைவியிடம் வாசிக்கக் கொடுக்கலாம், பத்தாவது படிக்கும் மகனிடம் கொடுக்கத் துணிவில்லை என்றார். அவனுக்கும் கொடுங்கள் என்றேன். அவன் வகுப்பிலேயே ஓர் அர்ஜி இருக்கலாம்.