ரெப்பா, மேனேஜரா?

ஆஸ்பத்திரி வராண்டாவுல பேஷண்ட் கூட்டத்துக்கு நடுவுல, தோள்ல கனமான கறுப்புப் பையோட, கால் மாத்திக் கால் மாத்தி நின்னுட்டு இருப்பாங்களே, பாத்திருப்பீங்க. மெடிக்கல் ரெப். டாக்டர் கூப்பிட்டா ரெண்டு நிமிஷம். கூப்பிடலைன்னா ராத்திரி பத்து மணி வரைக்கும் நிக்கணும். அவங்க உள்ள போறப்போ "நாங்க காலைலேர்ந்து உக்காந்திருக்கோம், இவன் யாருய்யா புதுசா"ன்னு பின்னாடியிலேர்ந்து ஒரு குரல் கண்டிப்பா வரும்.

எங்க பெரியம்மா பையன் பதினாலு வருஷமா அந்தப் பையைத் தூக்குறார். புதுக்கோட்டைதான் ஹெட்குவார்ட்டர்ஸ். திங்கக்கிழமை அறந்தாங்கின்னா செவ்வாய் ஆலங்குடி, அடுத்து கீரனூர், அதுக்கடுத்து பொன்னமராவதின்னு பைக்லயே சுத்துவார். மாவட்டத்துல எந்த டாக்டர் எத்தனை மணிக்கு டீ குடிப்பார், எந்த மெடிக்கல் ஷாப்காரர் வெள்ளிக்கிழமை பணம் கொடுக்க மாட்டார், எல்லாம் அத்துப்படி. டார்கெட் அடிக்காத வருஷம்னு பாத்தா ரெண்டு மூணுதான் இருக்கும்.

அவருக்கு இப்ப ஏரியா மேனேஜர் போஸ்ட் வந்துச்சு. திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடி, புதுக்கோட்டை, நாலு ஊருக்கும் ஒவ்வொரு ரெப். அந்த நாலு பேருக்கும் இவர் மேனேஜர். புதுக்கோட்டையில இவர் இடத்துக்கு ஒரு புதுப் பையனைப் போடுவாங்களாம். பதில் சொல்ல பத்து நாள் டைம்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்ல கணக்கெல்லாம் போடுவியே, எது லாபம்னு ஒண்ணு போட்டுக் குடுறா"ன்னு போன் பண்ணார். சொந்தக்காரங்களைப் பொறுத்தவரைக்கும் சாஃப்ட்வேர் இஞ்சினியர்னா பிரிண்டர் ரிப்பேர்லேர்ந்து ஜாதகம் வரைக்கும் எல்லாத்துக்கும் ஆள் :-)

எக்ஸெல்ல போட்டேன். சம்பளம் மாசம் பதினோராயிரம் கூடுது. ஆனா ரெப்பா இருக்கறப்போ வர்ற இன்சென்டிவ் அவர் கையில இருக்கற விஷயம், ஓடினா வரும். மேனேஜர் ஆனா நாலு பேரோட மொத்த சேல்ஸ் மேலதான் இன்சென்டிவ். மூணு பேர் ஓடி ஒருத்தர் உக்காந்துட்டா போச்சு. எப்படி மாத்தி மாத்திப் போட்டாலும், நல்ல வருஷம்னா ரெப்பா இருக்கறது லாபம், சுமார் வருஷம்னா மேனேஜரா இருக்கறது லாபம்னுதான் வந்துச்சு. வித்தியாசம் மாசத்துக்கு மூணாயிரம் நாலாயிரம். இதுக்காக யாரும் வாழ்க்கையை மாத்திக்க மாட்டாங்க. "பணத்தை வச்சு முடிவு பண்ண முடியாதுண்ணே"ன்னு ஃபைலை மூடிட்டேன்.

கணக்குல வராத ஒண்ணுதான் என்னை யோசிக்க வச்சுது. சட்டம். இதை நம்மாளுங்க யாரும் பெருசா பேசறதில்லை, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ரெப்னா தொழிலாளியா இல்லையாங்கறது இந்தியாவுல ரொம்ப நாள் இழுத்த வழக்கு. 1947 தொழில் தகராறு சட்டத்துல தொழிலாளின்னா யாருன்னு ஒரு விளக்கம் இருந்துச்சு. மருந்தை அறிமுகப்படுத்தி ஆர்டருக்கு வழி பண்றது அந்த விளக்கத்துக்குள்ள வராதுன்னு 1994ல சாண்டோஸ் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்குல உச்சநீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வே சொல்லிடுச்சு. அப்ப ரெப்புகளுக்குன்னு இருந்த ஒரே குடை, 1976ல வந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம். வேலைக்குச் சேரும்போது அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுக்கணும்ங்கறதுலேர்ந்து, தொழில் தகராறு சட்டத்துப் பாதுகாப்பு இவங்களுக்கும் உண்டுங்கறது வரைக்கும் அதுலதான் இருந்துச்சு. ஆரம்பத்துல சம்பள வரம்பு ஒண்ணு வச்சிருந்தாங்க, 1986 திருத்தத்துல அதையும் எடுத்தாங்க. 2025 நவம்பர் 21லேர்ந்து நாலு புது தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்திருக்கு. அதுல தொழில் உறவுகள் தொகுப்பு, தொழிலாளிங்கற விளக்கத்துக்குள்ளயே விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் சேர்த்திருக்கு. நல்ல விஷயம்.

ஆனா அதே விளக்கத்துக்குக் கீழ, முக்கியமா நிர்வாக வேலை பாக்கறவங்க தொழிலாளி இல்லைன்னும் இருக்கு. மேற்பார்வை வேலை பாத்து 18,000 ரூபாய்க்கு மேல சம்பளம் வாங்கினாலும் இல்லை. அதாவது இன்னிக்கு ரெப்பா இருக்கற அண்ணனை ஆள்குறைப்புன்னு அனுப்பணும்னா ஒரு மாச நோட்டீஸ், வேலை பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு, இதெல்லாம் சட்டப்படி கம்பெனி கொடுக்கணும். ஏதாவது அநியாயம்னா சங்கம் மூலமா தொழிலாளர் துறைக்குப் போகலாம். மேனேஜர்னு கையெழுத்துப் போட்ட மறுநாள்லேர்ந்து அந்தக் கதவு சாத்திக்கும், அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல என்ன இருக்கோ அதுதான் அவருக்குச் சட்டம். (பேர்ல மேனேஜர்னு இருந்தா மட்டும் போதாது, உண்மையில என்ன வேலை பாக்கறார்ங்கறதைத்தான் கோர்ட் பாக்கும். ஆனா அதை நிரூபிக்க எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடக்கறது?) பி.எஃப்., கிராஜுவிட்டிக்குப் பிரச்சனை இல்லை, அது மேனேஜருக்கும் உண்டு, பதினாலு வருஷ சர்வீஸும் அப்படியே தொடரும்.

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசலை. "அதான் சங்கத்துல இருக்கறவங்க எல்லாம் வாழ்த்து சொல்றப்போ ஒரு மாதிரி சிரிச்சாங்களா"ன்னார்.

அடுத்த கேள்வி, நல்லா விக்கறவர் நல்லா மேய்ப்பாரா? எங்க ஃபீல்டுலயும் இதே கூத்துதான். சூப்பரா கோடு அடிக்கறவனைத் தூக்கி டீம் லீட் ஆக்குவாங்க. ஒரு நல்ல புரோகிராமர் போயிடுவான், ஒரு சுமாரான மேனேஜர் வந்துடுவான். ஒவ்வொருத்தரும் தனக்கு வராத வேலை வரைக்கும் உயர்ந்துக்கிட்டே போய் அங்கேயே தங்கிடறாங்கன்னு லாரன்ஸ் பீட்டர் 1969லயே கிண்டலா புத்தகம் போட்டுட்டார். கிண்டல்னு விட்டுடாம, ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூன்னு மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2018ல சேல்ஸ் ஆளுங்களை வச்சே சோதிச்சுப் பாத்திருக்காங்க. 214 அமெரிக்கக் கம்பெனி, 53,035 சேல்ஸ் ஊழியர்கள், அதுல மேனேஜர் ஆனவங்க 1,531 பேர். நிறைய வித்தவங்களுக்குத்தான் புரமோஷன் கிடைச்சிருக்கு. ஆனா புரமோஷனுக்கு முன்னாடி ரெண்டு மடங்கு வித்தவர் மேனேஜர் ஆனப்போ, அவருக்குக் கீழ இருக்கறவங்க சேல்ஸ் 7.5 சதவீதம் குறைவாத்தான் இருந்திருக்கு. அதே சமயம், முன்னாடியே மத்தவங்களோட சேர்ந்து விக்கற பழக்கம் இருந்தவங்க நல்ல மேனேஜரா வந்திருக்காங்க.

அமெரிக்கக் கணக்கு அறந்தாங்கிக்குப் பொருந்துமான்னு கேக்கலாம். பொருந்துதான்னு பாக்க ஒரு கேள்வி கேட்டேன். "போன வருஷம் எந்த நாள்ணே ரொம்ப சந்தோஷமா வீட்டுக்கு வந்தே?"

பெரிய ஆர்டர் எதையாவது சொல்வார்னு நினைச்சேன். காரைக்குடிப் பையன் கதையைச் சொன்னார். வேலையை விடறேன்னு அழுதுட்டு இருந்த பையனாம். ரெண்டு ஞாயித்துக்கிழமை வரச்சொல்லி, டாக்டர் முன்னாடி முதல் இருபது செகண்டுல என்ன சொல்லணும்னு வீட்டு மொட்டைமாடியில வச்சுப் பழக்கியிருக்கார். அண்ணிதான் டாக்டர்! மூணாவது வாரம் அந்தப் பையன் போன் பண்ணி, "அண்ணே, எழுதிட்டாருண்ணே"ன்னு கத்தினானாம். இதைச் சொல்றப்போ அண்ணன் முகத்தைப் பாக்கணும்.

அப்ப எனக்குப் பாதி பதில் கிடைச்சிடுச்சு. மீதிப் பாதி தஞ்சாவூர்ல இருந்துச்சு. அங்க இருக்கற ரெப் ஒரு வருஷமா டார்கெட் பக்கமே வரலை, வீட்டுல ஏதோ பிரச்சனை. புது மேனேஜரோட முதல் வேலையே அவருக்கு எச்சரிக்கை லெட்டர் கொடுக்கறதாத்தான் இருக்கும்னு அண்ணனுக்குத் தெரியும். இத்தனை நாள் ஒண்ணா டீ குடிச்ச ஆள். "கத்துக்குடுக்கறது எனக்கு வரும்டா, வெட்டறது வருமான்னு தெரியலை"ன்னார். இதுக்கு எந்த ஆராய்ச்சியும் பதில் சொல்லாது.

வேண்டாம்னு சொல்லிட்டு ரெப்பாவே இருக்கலாமேன்னு கேப்பீங்க. எங்க வேலையிலயாவது மேனேஜர் ஆகாம ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் இஞ்சினியர்னு மேல போக ஒரு தனி ஏணி இருக்கு. ரெப்புக்கு அப்படி ஏணி கிடையாது. அம்பது வயசுல பையைத் தூக்கிட்டு, மகன் வயசு டாக்டர் கிளினிக் வாசல்ல முட்டிவலியோட நிக்கணும். நிக்கறவங்க இருக்காங்க, கௌரவமாத்தான் நிக்கறாங்க. அண்ணி மட்டும் இதைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க, "இவருக்கு இப்பவே டிஸ்க்ல பிரச்சனை". பெரியம்மா கேட்டது வேற, "மேனேஜர்னா ஏசி ரூமாடா?" ஏசியும் இல்லை, ரூமும் இல்லை, நாலு ஊர்ல நாலு ரெப்போட பைக் பின்சீட்தான் ஆபீஸ்னு சொன்னதுல அவங்களுக்கு ஏமாற்றம்.

கடைசியில "சரி"ன்னு சொல்றதுன்னுதான் முடிவு பண்ணார். ஆனா வெறும் சரி இல்லை. மூணு விஷயம் எழுத்துல வேணும்னு மெயில் போடச் சொன்னேன், நான்தான் டைப் பண்ணேன். ஹெட்குவார்ட்டர்ஸ் திருச்சிக்கு மாறாம புதுக்கோட்டையாவே இருக்கணும் (மகள் எட்டாவது படிக்கறா). ஆறு மாசத்துல சரிப்பட்டு வரலைன்னா ரெண்டு பக்கமும் சங்கடம் இல்லாம பழைய ரெப் வேலைக்கே திரும்பலாம். வேலையை விட்டு அனுப்பறதா இருந்தா மூணு மாச நோட்டீஸ், வருஷக் கணக்குல நஷ்ட ஈடு. சட்டம் கொடுத்ததை லெட்டர்லயாவது வாங்கிக்கலாமேன்னு.

அஞ்சாவது நாள் பதில் வந்துச்சு. புதுக்கோட்டை, சரி. மூணு மாச நோட்டீஸ், சரி, நஷ்ட ஈடு பத்தி பேச்சே இல்லை. பழைய வேலைக்குத் திரும்பறது கம்பெனி வழக்கத்துல இல்லையாம்.

அதுக்கு மேல எக்ஸெல்லை நான் திறக்கலை, அவரும் கேக்கலை. ஒம்பதாவது நாள் ராத்திரி கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார். மறுநாள் ஜாயின்ட் வொர்க்குக்கு முதல் ஊரா தஞ்சாவூரைப் போட்டிருக்கார். லெட்டரோட இல்லை, சும்மா ரெண்டு நாள் அவர்கூட சுத்திப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார்.